கோலார் தங்கவயல்: பொன் போனது, மனை யாருக்கு?

காஞ்சிபுரத்தில் இப்போது இரண்டு தறிக்காரர்கள் டீக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு சரிகையில்தான் தொடங்குகிறது. பவுன் ஏற ஏற மார்க் சரிகையும் ஏறுகிறது. நெசவுக் கூலி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பவுன் விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம், இந்தியாவின் தங்கத்தைப் பெருமளவில் வெட்டி எடுத்த கைகள் யாருடையவை, அந்தக் கைகள் இன்று எங்கே இருக்கின்றன என்று கேட்பதில்லை. கேட்டால் பதில் நம் வீட்டுப் பக்கம்தான் வந்து நிற்கும்.

பாலாற்றிலிருந்து தொடங்குவோம். நந்தி மலைப் பகுதியில் பிறந்து, கர்நாடகத்தில் 93 கி.மீ., ஆந்திரத்தில் 33 கி.மீ., தமிழ்நாட்டில் 222 கி.மீ. ஓடி, நம் மாவட்டத்தைக் கடந்து கடலில் சேர்கிற ஆறு அது. ஓடுகிற ஆறு என்பதைவிட மணல் ஆறு என்றே நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த ஆற்றின் மேல்பக்கம், கோலார் மாவட்டத்தின் பேத்தமங்கலத்தில் ஒரு பெரிய ஏரி உண்டு. அந்த ஏரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நகரம் கோலார் தங்கவயல். தண்ணீர் கிழக்கே நம்மை நோக்கி வந்தது. வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஆற்றங்கரைச் சேரிகளிலிருந்து நம் மக்கள் ஆற்றை எதிர்த்து மேற்கே போனார்கள். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து போனவர்களே அந்தச் சுரங்கத்தின் அடி ஆழத்துக்கு இறங்கியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிடர்.

மாணவர்கள் பலருக்கு இந்த ஊரின் பெயர் சினிமா வழியாகத்தான் தெரியும். 2018-இல் வந்த கன்னடப் படத்தில் சுரங்க மக்கள் சங்கிலி இல்லாத அடிமைகள்; வெளியிலிருந்து ஒரு வீரன் வந்து விடுவிக்கும் வரை காத்திருப்பவர்கள். 2024-இல் பா.இரஞ்சித்தின் ‘தங்கலான்’ வந்தது. வட ஆர்க்காட்டுச் சேரியிலிருந்து பொன் தேடிப் போனவர்களே அந்தக் கதையின் நாயகர்கள் என்றது. இரண்டு படங்களும் தங்கம் கிடைக்கும் காலத்தின் கதைகள். தங்கம் தீர்ந்த பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு இன்னும் படம் வரவில்லை. அதைப் பற்றித்தான் நாம் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பம், உரிகாம் பக்கத்தில் மக்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறிய லாவெல் என்ற அயர்லாந்துச் சிப்பாய் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டத் தொடங்கினார். அவரால் முடியவில்லை. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் இறங்கிய பிறகுதான் சுரங்கம் சுரங்கமானது. 1902-இல் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கி.மீ. தூரம் கம்பி இழுத்து அங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே அது 1905-இல்தான் கிடைத்தது. வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் சேர்ந்து அந்த ஊருக்கு ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று பெயர். அந்த இங்கிலாந்தின் மறுபக்கத்தில் மூங்கில் தட்டியால் கட்டிய கூலி லைன்கள். ஒரே அறைக்குள் ஒரு குடும்பம்.

சரி, அப்படிப்பட்ட இடத்துக்கு மக்கள் ஏன் போனார்கள்? நம் மாவட்டத்து ஆவணம் ஒன்றே இதற்குப் பதில் சொல்கிறது. 1891-இல் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் என்றால் இன்றைய காஞ்சிபுரமும் சேர்ந்ததுதான். படியாளாக, பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்த மக்களைப் பற்றி எழுதிய அவர், ஒரு விஷயத்தைக் குறிப்பாகச் சுட்டினார். சேரி இருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருக்கிறது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், வேறு ஊருக்கு வேலைக்குப் போக நினைத்தால், குடிசையைக் காலிசெய் என்று சொல்லிவிடலாம். கூலி குறைவு என்பதைவிட, காலுக்குக் கீழே இருக்கும் மண் தனதில்லை என்பதே கட்டு. அந்த அறிக்கையை ஒட்டித்தான் 1892-இல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை வந்தது. அந்த நிலங்களில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பதை இந்தப் பத்தியில் பலமுறை பேசியிருக்கிறோம்.

டிரெமன்ஹீர் எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் தங்கவயலுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் சேரி சேரியாக வந்தார்கள். முன்பணம் கொடுத்தார்கள். கையில் காசாகக் கூலி என்றார்கள். நெல்லளந்து கொடுக்கும் ஆண்டையின் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே பாதி விடுதலை. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் பாதை போட்ட பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களின் எண்ணிக்கை முப்பதாயிரத்தை ஒட்டி இருந்தது.

சுரங்கத்திலும் சாதி இறங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலே அதிகாரம் வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும். காவல் வேலைக்குப் பஞ்சாபிகள். பாறையைத் துளைத்து, வெடி வைத்து, தூசி குடிக்கும் வேலைக்குத் தமிழ்ச் சேரி மக்கள். ஆனாலும் ஊர், சேரி என்று பிரிந்த கிராமத்தில் நடக்காத ஒன்று அங்கே நடந்தது. ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடர்கள் ஒரே இடத்தில், கையில் மாதச் சம்பளத்தோடு, ஆண்டை இல்லாமல் வாழ்ந்தார்கள். அப்படி வாழ்ந்தால் என்ன ஆகும்? படிப்பார்கள், கூடுவார்கள், எழுதுவார்கள்.

தமிழ் படிக்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1914-இல் பண்டிதர் மறைந்த பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது சென்னைப் பல்கலைக்கழகமோ தமிழ்ச் சங்கமோ அல்ல. சுரங்கத் தொழிலாளிகளின் காசில் நடந்த சித்தார்த்த புத்தகசாலை. ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி.அப்பாதுரையார் மீண்டும் நடத்தியதும் தங்கவயலில் இருந்துதான். நாம் முதுகலை படித்த காலத்தில் இதழியல் வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. அதில் இந்தப் பெயர்களில் ஒன்றுகூட இல்லை. பிறகு தேடித்தான் படித்தோம். பாதாளத்தில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு மேலே வந்து, புத்தர் யார், ஆதித் தமிழர் யார் என்று விவாதித்த ஒரு கூட்டம் இருந்தது என்பதே நமக்கு அப்போது பெரிய செய்தி.

அரசியலும் அப்படித்தான். 1930-இல் கைரேகைப் பதிவுக்கு எதிராகத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாங்கள் என்ன குற்றவாளிகளா என்பதே அவர்கள் கேள்வி. 1946 நவம்பரில் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள். 1954-இல் அம்பேத்கர் நேரில் வந்தார். கம்யூனிஸ்ட் கட்சி ஒருபக்கம், அம்பேத்கரின் வழிவந்த குடியரசுக் கட்சி ஒருபக்கம் என்று சட்டமன்றத்துக்கு ஆட்களை அனுப்பிய தொகுதி அது. குடியரசுக் கட்சியின் சி.எம்.ஆறுமுகம் அங்கே சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். வீரன் ஒருவன் வந்து மீட்க வேண்டிய மக்களாக அவர்கள் எந்தக் காலத்திலும் இருக்கவில்லை.

இனி அந்த உடல்களைப் பற்றி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். ஆழம் கூடக் கூடப் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். ‘ஏர் பிளாஸ்ட்’ என்று அங்கே சொல்வார்கள். அதில் செத்தவர்கள் ஒரு பக்கம். சாகாமல் மேலே வந்தவர்களின் நுரையீரலில் கல்தூசி உட்கார்ந்தது. 1940 முதல் 1946 வரை அங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. ஏறத்தாழ இரண்டு பேரில் ஒருவர். மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடப் புத்தகத்தில் இன்றும் இந்தக் கணக்கு இருக்கிறது. அந்த மார்புகள் யாருடையவை என்ற வரி மட்டும் அதில் இல்லை. (இன்னொன்றும் சொல்ல வேண்டும். அறிவியல் படிக்கிறவர்கள் ‘நியூட்ரினோ’ என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவை முதன்முதலில் கண்டறிந்த இடங்களில் ஒன்று தங்கவயல் சுரங்கம். அந்த அறிவியலுக்கு வேண்டிய ஆழத்தை உளியும் வெடிமருந்தும் கொண்டு தோண்டியவர்கள் நம் தாத்தாக்கள்.)

சுமார் 120 ஆண்டுகளில் அங்கிருந்து எடுக்கப்பட்ட தங்கம் சுமார் 800 டன். 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-இல் அது மத்திய அரசுக்குப் போனது. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் என்ற பொதுத்துறை நிறுவனமானது. வெள்ளையன் போனால் நமக்கு விடியும் என்று நம்பியவர்கள் அவர்கள். ஆனால் நல்ல தாதுவை வெள்ளைக்கார நிறுவனம் முன்பே அள்ளிவிட்டது. தொடக்கக் காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கும் மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. ஆழம் கூடியதால் செலவு ஏறியது. தேசியமயமான பிறகு நீண்ட காலம், வெட்டிய தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்காமல், அதைவிடக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசே கணக்கிட்டு எடுத்துக்கொண்டது. நாட்டின் அந்நியச் செலாவணிக்குப் பொன் கொடுத்துவிட்டு, பேரேட்டில் நஷ்டக் கம்பெனி என்று பெயர் வாங்கிய கதை இது. 1992-இல் நலிவுற்ற நிறுவனம் என்று முத்திரை விழுந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு கதவு மூடப்பட்டது. அப்போது வேலையில் இருந்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்.

பத்திரிகைகள் அன்று ‘ஆவி நகரம்’ என்று எழுதின. தங்கவயல் ஆவி நகரம் ஆகவில்லை. மக்கள் அங்கேயே இருந்தார்கள். வேலை மட்டும் போய்விட்டது. மண்வேலைக்கான பெரிய இயந்திரங்கள் செய்யும் பொதுத்துறைத் தொழிற்சாலையான பிஇஎம்எல் அங்கே இருக்கிறது. ஆனால் அது எல்லாருக்கும் வேலை கொடுக்கும் இடமல்ல. ஆகவே விடிவதற்கு முன் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயிலில் ஆயிரக்கணக்கானோர் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்குப் போகிறார்கள். கட்டட வேலை, காவல் வேலை, துப்புரவு வேலை, கடை வேலை. இரவு திரும்பி வந்து அதே லைனில் படுக்கிறார்கள். தாத்தா கீழே மூன்று கிலோமீட்டர் இறங்கி ஏறினார். பேரன் கிடைமட்டமாக நூறு கிலோமீட்டர் போய் வருகிறான்.

அந்த லைன் வீடுகளின் கதைதான் நம்மைத் திரும்ப 1891-க்கு இழுத்துப் போகிறது. வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரை வீடு. தகப்பன் வேலையைவிட்டு நின்றால் மகன் சுரங்கத்தில் சேர வேண்டும். இல்லாவிட்டால் குடும்பம் தெருவுக்கு வரும். இப்படித் தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். மிராசுதாரின் மனையிலிருந்து தப்பித்துப் போய், கம்பெனியின் மனையில் குடியேறியிருந்தார்கள். நான்கு தலைமுறை வாழ்ந்த வீட்டுக்குப் பட்டா கேட்டு, மூடிய சுரங்கத்தின் வாசலில் நின்றார்கள். குடியிருப்பின் நிலைமையோ இன்னும் மோசம். சுரங்கம் மூடிப் பத்தாண்டு கழித்து, 2011-இல்கூட அந்த லைன்களில் உலர் கழிப்பிடங்களும் மனிதரே மலம் அள்ளும் கொடுமையும் இருந்தது வெளியே வந்து, நாடு ஒரு நாள் அதிர்ந்து மறந்தது. ஆசியாவிலேயே முந்தி மின்சாரம் பார்த்த ஊர்களில் ஒன்று என்று பெருமை பேசுகிற ஊரில்தான் இது.

இப்போது இந்தப் பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு மண் அங்கே மலை மலையாக நிற்கிறது. ‘சயனைடு மேடு’ என்று பெயர். கோடைக் காற்றில் அந்தத் தூசி பறந்து கண்ணிலும் சோற்றிலும் விழும். இத்தனை ஆண்டும் அது குப்பை. பவுன் விலை ஏறியதும் அதுவும் புதையலாகிவிட்டது. அரைத்த மண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்சம் தங்கத்தை இன்றைய தொழில்நுட்பத்தில் எடுக்கலாம் என்கிறார்கள். சுரங்கச் சொத்துகளை உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு விட 2013-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024 ஜூனில், 1,003 ஏக்கரில் கிடக்கும் 13 கழிவு மேடுகளில் மேற்பரப்பில் தோண்டிக்கொள்ளும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

வேலை வரும் என்று அங்கே சிலர் மகிழ்கிறார்கள். அதை நாம் குறை சொல்ல மாட்டோம். வேலை இல்லாதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனால் மேட்டைக் கரைக்கும் வேலைக்கு முப்பதாயிரம் பேர் தேவையில்லை. இயந்திரமும் தொட்டியும் சில நூறு ஆட்களும் போதும். தூசி கிளறப்படும்போது அதைச் சுவாசிக்கப் போகிறவர்கள் லைன்களில் இருப்பவர்கள். அந்த ஒப்பந்தத்தில் அவர்களுக்கு என்ன பங்கு? முன்னாள் தொழிலாளிகளின் நிலுவை, மார்புநோய்க்கு மருத்துவம், வீட்டுக்கு உரிமை ஆகிய மூன்றும் முதலில் தீர வேண்டும். பிறகு மேட்டில் கை வைக்கட்டும் என்பதே நம் நிலைப்பாடு. மாவட்டக் கனிம நிதி என்று 2015-இல் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மக்களுக்காகவே அந்த நிதி. அதில் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போகிறது என்று லைன்காரர்கள் கேட்க முடிய வேண்டும்.

நம் மாவட்டத்திலிருந்து பார்த்தால் இது தூரத்துக் கதையாகவும் இல்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை வந்தபோது சேரிகளிலிருந்து பெண்பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதை நாம் பார்த்தோம். முதல்முறையாகக் கையில் சம்பளம், வங்கிக் கணக்கு. வீட்டில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு வந்தது. 2014 நவம்பரில் ஆலை மூடியது. எட்டே ஆண்டுகள். தங்கவயலுக்கு 120 ஆண்டுகள் கிடைத்தன. சங்கமும் பத்திரிகையும் புத்தகசாலையும் கட்ட அவகாசம் இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளியாக ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறிக்கொண்டே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்த அவகாசம்கூடக் கிடைப்பதில்லை. ஆலைக்காக நிலம் எடுக்கும்போது பட்டாதாரருக்கு இழப்பீடு கிடைக்கும். அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவருக்கு ஒன்றும் கிடைக்காது. மேய்க்கால் புறம்போக்கில் குடிசை போட்டவர் ஆக்கிரமிப்பாளர் என்று நோட்டீஸ் வாங்குவார்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். தங்கவயலில் வேலை போன பிறகு தமிழ்நாட்டுக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகள் இங்கே சாதிச் சான்றிதழுக்கு அலைகிறார்கள். 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியலில்தான் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவார்கள் என்பது விதி. பூட்டன் காலத்தில் கோலாருக்குப் போன குடும்பம், சட்டத்தின் கண்ணில் கர்நாடக ஆதிதிராவிடர். தமிழ் பேசி, தமிழ்ச் சேரியில் சொந்தம் வைத்திருந்தாலும், தமிழ்நாட்டு அரசு வேலையிலும் கல்லூரியிலும் அந்தப் பிள்ளைக்கு இடஒதுக்கீடு கிடையாது. 1990-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2018-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு மீண்டும் உறுதி செய்தது. ஆனால் மத்திய அரசு வேலைகளுக்கும் மத்தியக் கல்வி நிறுவனங்களுக்கும் இந்தத் தடை இல்லை. தகப்பனாருக்குக் கர்நாடகத்தில் கொடுத்த சான்றிதழை வைத்து, இடம்பெயர்ந்த பட்டியல் சாதியினருக்கான சான்றிதழை இங்கே உள்ள வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். முடியாது என்று வாய்வார்த்தையாகத் திருப்பி அனுப்பினால், எழுத்தில் காரணம் கேளுங்கள். பழைய கம்பெனி அடையாள அட்டை, ரேஷன் கார்டு, சம்பளச் சீட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். தாத்தா எப்போது போனார் என்பதற்கு அவைதான் சாட்சி. உங்கள் தெருவில் ‘கோலாருக்காரங்க வீடு’ என்று ஒன்று இருந்தால், இந்தப் பத்தியை அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.